தண்ணி ஞாபகம்

மணி ஆறாகிவிட்டால் இன்றைக்கும் என் கை சட்டைப்பையில் இருக்கும் போனைத் தொட்டுப் பார்க்கிறது. பதினான்கு மாதங்கள், ஒரு நாள் தவறாமல், அந்த நேரத்துக்கு அவர் கூப்பிடுவார், இல்லாவிட்டால் நான் கூப்பிடுவேன். அவர் ஒரு பஸ் கண்டக்டர். நாங்கள் இரண்டு பேரும் குடியை விட்டவர்கள். விட்டவர்கள் என்று சொல்லக் கூடாது, இன்றைக்குக் குடிக்காதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். ஆரம்பத்தில் அந்தத் திருத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைச் சொல்லி எரிச்சலூட்டிக்கொண்டிருக்கிறேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, தஞ்சாவூரில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, வாசலில் வாங்கி வைத்த டீ. அங்கே யாரும் பேரைச் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் கூப்பிடுவதற்கு ஒன்றும் இல்லாமல் நம் ஆட்களால் இருக்க முடியுமா? இரண்டாவது வாரமே பட்டப்பேர் வந்து ஒட்டிக்கொள்ளும். அறைச் சாவியை வைத்திருக்கும் ரிட்டயர்டு பள்ளி ஆசிரியர் வாத்தியார். பஸ்ஸில் வேலை பார்ப்பவர் கண்டக்டர். என் ஊர் பேராவூரணிப் பக்கம். கல்லணையில் திறந்துவிடும் தண்ணீர் புது ஆற்றில் ஓடி, வழியில் இருக்கும் ஊர்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் கடைசியில் இருக்கும் எங்களுக்கு வரும். ஏன் குடித்தேன் என்று முதல் நாள் கேட்டதற்கு, வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பற்றி அரைமணி நேரம் பேசினேனாம். அன்றிலிருந்து எனக்குக் கடைமடை என்று பேர்.

கண்டக்டரை எனக்கு முன்பே தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால், பட்டுக்கோட்டை பஸ்ஸில் நான் நிதானம் இல்லாமல் ஏறியபோது, கையைப் பிடித்துப் பாதி வழியில் இறக்கிவிட்டவர் அவர்தான். கூட்டத்தில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன். "அன்னைக்கு நீங்க மட்டும் யோக்கியமா?" என்று கேட்டேன். "நானும்தாங்க போட்டிருந்தேன். டிக்கெட் மிஷின் என் கையில இருந்துச்சு, அதனால நீங்க எறங்குனீங்க" என்றார். வாத்தியார் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டார். அப்படித்தான் நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம்.

வாத்தியாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த அறைக்குள் குடிக்குச் செல்லப்பேர் வைக்கக் கூடாது. தண்ணி போட்டேன், கட்டிங் அடித்தேன், மருந்து சாப்பிட்டேன் என்று யாராவது ஆரம்பித்தால், "குடிச்சேன்னு சொல்லுங்க" என்று நிறுத்துவார். செல்லப்பேர் வைத்துக் கூப்பிட்டால் அது மடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பார். சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. ஒரு காலத்தில் தண்ணி என்று யார் சொன்னாலும் நாக்கில் எச்சில் ஊறும். பிறகு தண்ணி என்றால் வாய்க்காலில் வருவதுதான் என்று ஆகிவிட்டது. அதைப் பெரிய முன்னேற்றம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஆறு மணிப் பேச்சில் ஒன்றும் இருக்காது. குடிக்கிறவனுக்குக் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற நேரம் அது. அதைத் தாண்டிவிட்டால் சாப்பாடு, தூக்கம், அன்றைய நாள் முடிந்தது. அதற்காகத்தான் பேசினோம். கண்டக்டரின் ஊர் பூதலூர்ப் பக்கம். எனக்கு வர வேண்டிய தண்ணீர் அவர் ஊரைத் தாண்டித்தான் வர வேண்டும். அது போதாதா அவருக்கு? போனை எடுத்ததும், "என்னங்க கடைமடை, தண்ணி வந்துச்சா?" என்பார். இல்லை என்றால், "இன்னைக்கு எங்க ஊருப் பாலத்துக்கு அடியில போச்சுங்க. எங்க போறேன்னு கேட்டேன், கடைமடைக்குன்னுச்சு. டிக்கெட் எடுத்துட்டுப் போன்னு நிறுத்தி வச்சிருக்கேன்" என்பார். தினமும் இதே கிண்டல். தினமும் சிரித்தேன். நாற்பத்தேழு வயதில், ஒருவர் என்னை நினைத்துக்கொண்டு போன் செய்கிறார் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்தது. என் மனைவிக்குக்கூட அது தெரியும். ஆறு அடிக்கும்போது நான் வேறு வேலையாக இருந்தால், "கண்டக்டர் கூப்புடுற நேரம்" என்று போனைக் கொண்டுவந்து கொடுப்பாள்.

இந்த வருஷம் அணை திறந்து பல நாளாகியும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. நான் அவசரப்பட்டு நாற்று விட்டிருந்தேன். ஒரு மழையை நம்பி முளைத்தது, வெயிலில் நுனி கருக ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் நின்று, வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கண்டக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"ரெண்டு நாளா தண்ணி ஞாபகமாவே இருக்குங்க" என்றார்.

"எனக்கு மட்டும் என்னவாம்? தூக்கமே போச்சு."

"உங்களுக்குமா?"

"பின்ன? எந்நேரமும் அதே நெனப்புதான். ஒரு தடவ கண்ணுல பாத்துட்டாப் போதும், ஆசை தீர உள்ள விட்டுற வேண்டியதுதான்."

"அப்ப சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பாவம், டியூட்டி நேரத்திலும் என் நாற்றை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எண்ணி உருகினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக, நாலு செருப்பையும் இழுத்துக்கொண்டு, மெதுவாக வந்தது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று அங்கேயே நின்று கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. அவர் தெருக்காரர் ஒருவர் மூலமாக வாத்தியாருக்குச் செய்தி வந்திருந்தது. கண்டக்டர் குடிக்க ஆரம்பித்துவிட்டார், வேலைக்கும் போகவில்லை.

"கடைசியா உங்ககிட்ட என்னங்க சொன்னாரு?" என்று வாத்தியார் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலியே. தண்ணி ஞாபகமாவே இருக்குன்னாரு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவர் வெட்கப்பட்டிருக்கிறார். குடிக்கணும்போல இருக்கிறது என்று நேராகச் சொல்ல நா எழாமல் பழைய செல்லப்பேரை எடுத்திருக்கிறார். அவர் என்னைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டியிருக்கிறார், நான் ஆசை தீர உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வாத்தியார் பின்னாலேயே வந்தார். "நீங்க வாங்கி ஊத்தலங்க. ஆனா போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை பூதலூர்ப் பக்கம் போனேன். கண்டக்டரின் மனைவி வாசலுக்கு வந்தார். "வாங்கண்ணே. உள்ளதான் இருக்காரு. யாரையும் பாக்கலயாம்" என்றார். அறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அதற்கு முன்னால் நின்று, "நான் சொன்னது வாய்க்கால் தண்ணிங்க" என்றேன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அந்த வாக்கியம் எவ்வளவு அபத்தமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. உள்ளே ஒரு இருமல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். டீ குடிக்காமல் கிளம்பினேன்.

திரும்பும் வழியில், மதுக்கடை இருக்கும் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். மத்தியான வெயிலில் ரோட்டின் இந்தப் பக்கம் நின்று வாத்தியாரைக் கூப்பிட்டேன். "எனக்குக் குடிக்கணும்போல இருக்குங்க" என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. அடுத்த பஸ் வரும்வரைக்கும் அவர் போனை வைக்கவில்லை. அவர் வீட்டு முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி வந்ததைப் பற்றியே பேசினார். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நாற்றுப் பறித்து நட்டாகிவிட்டது. பயிர் இப்போது கதிர் விடும் பருவம். பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் டிக்கெட் கொடுப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன், வேறு யாரோவாக இருக்கிறார். நம் கண்டக்டரின் அந்தக் கிண்டலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை, மற்ற எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. குடியைக்கூட நான் இந்த அளவுக்குத் தேடியதில்லை. தினமும் ஆறு மணிக்கு அவரைக் கூப்பிடுகிறேன். முழுவதும் அடித்து ஓய்ந்துவிடும். இது நான்காவது மாதம். விருப்பம் இல்லாதவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், நிறுத்திவிடலாம் என்று போன வாரம் முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரமே தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். நெரிசலில் என்னைக் கண்டுபிடித்து, பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "குடிக்கத்தான் செய்றாருண்ணே" என்றார். நான் இனி கூப்பிட்டுத் தொல்லை கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"நீங்க கூப்புடுற நேரம் ஆனா, சட்டைய மாட்டிக்கிட்டுக் கடைக்குக் கெளம்பி நிக்கிறவரு, போனைக் கையில எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருவாருண்ணே. எடுக்க மாட்டாரு. அது அடிக்கிறதையே பாத்துக்கிட்டு இருப்பாரு. அடிக்கிறது நின்னப்புறம்தான் செருப்பப் போடுவாரு."

அன்றிலிருந்து ஒரு முறை அடித்து ஓய்ந்ததும் மறுபடியும் கூப்பிடுகிறேன். அதுவும் ஓய்ந்தால் மறுபடியும். அடித்துக்கொண்டிருக்கிற வரைக்கும் அவர் வீட்டில் இருக்கிறார்.