வசனம் முடியுமுன் ஓடிய மருத்துவிச்சி

பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் இப்போது போனால் உடையார்கட்டை ஒரு மணித்தியாலத்துக்குள் கடந்துவிடுவீர்கள். 1995இல், சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த நேரம், பரந்தனிலிருந்து அந்த இருபத்தைந்து கிலோமீற்றருக்கு எங்களுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. அப்போது நான் கிளிநொச்சியில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிரான்சிலிருந்து வந்திருந்த அனெத் என்ற மருத்துவிச்சி புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு மருந்து கொண்டுபோனார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

அனெத் ஆறு மாதமாகத் தமிழ் படித்திருந்தார். சந்தையில் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுவார். "இண்டைக்கு நான் தனியக் கதைக்கிறன், நீங்கள் பேசாமல் இருங்கோ" என்று வெளிக்கிடும்போதே சொல்லிவிட்டார்.

விசுவமடு தாண்டி உடையார்கட்டை நெருங்கியதும் விமானச் சத்தம். சாரதி அந்தோனி அண்ணை வாகனத்தை மரங்களுக்குக் கீழே ஒதுக்கினார். சத்தம் தூரப் போன பிறகும் அவர் எடுக்கவில்லை. "எஞ்சின் கொதிக்குது பிள்ளை. தண்ணி அள்ளுவம், வாங்கோ."

நானும் அந்தோனி அண்ணையும் கிணற்றடிக்குப் போன நேரம், ஒரு பெண் ஒழுங்கையால் ஓடிவந்து அனெத்தின் கையைப் பிடித்திருக்கிறார்.

"பாம்பு கடிச்ச மனிசனைப் பாத்துக்கொண்டிருந்த என்ர தங்கச்சிக்கு வலிப்பு!"

பாம்பு, கடிச்ச, மனிசன். அனெத்துக்கு அது போதுமாக இருந்தது. அவருடைய மொழியில் ஆள் முதலில் வந்துவிடுவான், அவனுக்கு என்ன நடந்தது என்பது பின்னால் வரும். மருந்துப் பையோடு, அந்தப் பெண் காட்டிய முன்வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

நான் வாளியோடு வந்தபோது அந்தப் பெண் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "அவரில்லை அம்மா! அவருக்கு ஒண்டுமில்லை!" உள்ளே, முதல்நாள் கடிவாங்கிய மனிதர் கதிரையில் இருந்து முழிக்க, அனெத் அவருடைய காற்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்விதான் கேட்டேன்.

"அனெத், நோயாளி தங்கச்சி! எட்டு மாதக் கர்ப்பிணி. வலிப்பு!"

அனெத் கட்டை அப்படியே விட்டுவிட்டு எழும்பி ஓடினார். குசினிக்குள், அடுப்படியில், தங்கச்சி பல்லைக் கடித்தபடி கிடந்தாள். ஊசி போட்டு, வாகனத்தில் ஏற்றினோம்.

தமக்கை தங்கச்சியின் தலையை மடியில் வைத்திருந்தார். அனெத் திரும்பிச் சேலைன் போத்தலைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அக்கா, கடைசிச் சொல்லை எனக்கு முதல்ல சொல்லுங்கோ."

இதென்ன கதை, இந்தப் பதற்றத்தில் அவருக்கு இது விளங்குமா என்று நினைத்தேன். கொஞ்சத் தூரம் போனதும்—

"மூச்சில்லை! தங்கச்சிக்கு மூச்சில்லை, வாயெல்லாம் நுரை!"

நான் வாய் திறக்குமுன் அனெத் திரும்பிவிட்டார். சரித்துக் கிடத்தி, வாயைத் துடைத்து, நெஞ்சில் காதை வைத்தார். அந்தோனி அண்ணை கிடங்கு, பள்ளம் எதையும் பார்க்காமல் ஓட்டினார். குறட்டை போல ஒரு சத்தத்தோடு மூச்சுத் திரும்பியது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, மெலிந்த குரலில் அழுதது. தாயும் தப்பிவிட்டாள்.

விறாந்தையில் இருந்து அனெத் சொன்னார்: "பாதி வசனத்திலயே நான் மனசுக்குள்ள படம் கீறிப்போட்டன். பிறகு வந்த சொல்லுகள் அந்தப் படத்துக்குள்ள போகமாட்டன் எண்டுது."

தமிழ் பழகுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் போகிறவர்கள், அவசரமென்றால் ஆளையும் ஆபத்தையும் முதலில் சொல்லுங்கள். சொற்களை மாற்றி அடுக்கினாலும் எங்கள் வசனம் உடையாது. 'தங்கச்சிக்கு' எங்கே நின்றாலும் தங்கச்சிக்குத்தான். பழகுகிறவர் நீங்களென்றால், கடைசிச் சொல் வரும்வரை பொறுங்கள். குடிதண்ணீரும் கொண்டுபோங்கள்.

அடுத்த கிழமை உருத்திரபுரத்தில் ஒரு கமக்காரர் சைக்கிளில் வந்து, ஒரே மூச்சில் நீளமாக ஏதோ சொன்னார். அனெத் பையைத் தோளில் மாட்டியபடி அசையாமல் நின்றார். அவர் முடித்த பிறகு, "ஆருக்கு?" என்று கேட்டார்.

பதில் வந்த பிறகுதான் ஓடினார்.