ஏழு இலக்க வீட்டு எண்

அக்கா பிரான்சுக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவாள். போன வருடம் ஒரே ஒரு வாரம் தினமும் பேசினாள். அதற்குக் காரணம் ஒரு பிழை.

லாஸ்பேட்டையில் நான் வேலை செய்யும் சிறிய அலுவலகத்துக்கு ஓர் ஐபோன் செயலி உண்டு. வெளிநாட்டில் இருப்பவர்கள் அதன் வழியாக இங்குள்ள பெற்றோருக்கு மளிகை அனுப்பலாம். யாரோ ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் எழுதிவிட்டுப் போன பழைய நிரல். நெல்லித்தோப்பில் இருக்கும் அம்மாவுக்கு அக்கா அனுப்ப முயன்றபோதெல்லாம் செயலி மூடிக்கொண்டது. வேறு யாருக்கும் அப்படி ஆகவில்லை.

ஏதோ ஓர் எழுத்துச் சரத்தை, அது முடிந்த இடத்துக்கு அப்பால் போய் வெட்டப் பார்க்கிறோம் என்று பிழைப் பதிவு சொன்னது. எந்தச் சரம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் நான்கை வெட்டுகிறோம்: பெயர், தெரு, பின்கோடு, தொலைபேசி எண்.

நாளுக்கு ஒன்றாகச் சோதித்தேன். இங்கே மாலை ஆகும்போது அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை, கூப்பிடுவாள். பிழைக்கு இரண்டு நிமிடம். மீதியெல்லாம் அம்மாவின் முழங்கால், வைத்திக்குப்பத்து மீன், அவள் ஊர்க் குளிர்.

"இன்னாடி, இன்னும் ரிப்பேரா? உன்ன நம்புனா அம்மா பட்டினிதான்."

நான்காம் நாள், அவள் போட்ட அம்மா வீட்டுத் தொலைபேசி எண்ணை வாசிக்கச் சொன்னேன். ஏழு இலக்கம் சொல்லி நிறுத்தினாள்.

"முன்னாடி நாலு ஒண்ணு மூணு போடலியா?"

"உள்ளூருக்கு எதுக்குடி எஸ்டிடி கோடு?"

அவளுக்குப் பின்னால் யாரோ பிரெஞ்சில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நாட்டுக் குறியீட்டை விட்டுக் கடைசிப் பத்து இலக்கத்தை எடுப்பதற்காக நிரல் நீளத்திலிருந்து பத்தைக் கழித்திருக்கிறது. ஏழில் பத்து போகாது. நீளத்தைக் குறிக்கும் எண் வகைக்கு மைனஸ் தெரியாது என்பதால் விடை ஒரு ராட்சத எண்ணாகி, அந்த இடத்தில் வெட்டப் போய்ச் செயலி விழுந்தது.

பத்து இலக்கம் இல்லாவிட்டால் ஏற்காதே என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார் மேலாளர். நான் ஏழாக இருந்தால் முன்னால் எங்கள் ஊர்க் கோடான 413 சேர்த்துக்கொள்ளும்படி எழுதினேன். கோடு இல்லாமல் எண்ணைப் போடுகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்.

திருத்தம் வெளியான மறுநாள் அம்மாவுக்கு மளிகை வந்தது. மாலையில் போன் வரவில்லை.

அந்த நான்கில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்று முதல் நாளே எனக்குத் தோன்றியிருந்தது. சோதிக்கும் வரிசையில் அதைக் கடைசியாக வைத்தேன்.