கூரை பிரித்த மார்கழி

இன்று விடிவதற்குள் பெய்த மழையில் எங்கள் வாசற்கதவுக்கு அடியில் தண்ணீர் புகுந்துவிட்டது. வேலூரில் நாங்கள் குடியிருப்பது தளம் போட்ட வீடு. மேலிருந்து ஒழுகாது, கீழிருந்துதான் நுழையும். என் மனைவி கோமதி ஒரு கோணிப்பையை நான்காக மடித்துக் கதவோரம் அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்தான் அங்கேயே நின்றேன். நனைந்த கோணியின் வாடை மூக்கில் ஏறியதும் உட்காரவும் முடியவில்லை, வேறு வேலை பார்க்கவும் ஓடவில்லை; எழுந்து நடக்கத் தொடங்கினேன். அந்த வாடையும் இந்த நடையும் எனக்கு ஒரே இடத்தில் பழகியவை. ஜவ்வாது மலையில், எண்ணினால் பத்தாண்டுகள்கூட ஆகாத ஒரு மார்கழியில், நான்கு எட்டில் முடிந்துவிடும் ஒரு மண்வீட்டுக்குள் நான் நடந்த நடையை நேராக நீட்டியிருந்தால், செங்கத்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

நண்பரே, என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நான் பேச்சாளன். கல்லூரி நாட்களில் வாங்கிய கோப்பைகள் ஒன்பது. அவற்றுள் இரண்டு, தலைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு பேசியும் வாங்கியவை. நடுவரின் மணி அடித்த பிறகும் ஒரு நிமிடம் பேசி, அந்த நிமிடத்துக்கே தனியாகக் கைதட்டல் பெற்றவன் நான். அப்படிப்பட்டவனை ஆசிரியராக்கி, ஒடுகத்தூர்ப் பக்கத்து ஏற்றத்தில் ஏறிப் போனால் வரும் ஒரு சிற்றூரின் பள்ளிக்கு அனுப்பினார்கள். பதினேழு வீடுகள், சாமை விளையும் சரிவுகள், புளியமரங்கள். மேடை என்று சொல்லத்தக்க உயரத்தில் அங்கு இருந்தவை பாறைகள் மட்டுமே.

பெண் பார்க்கப் போன இடத்திலும் நான் பேசினேன். கோமதியின் தந்தை ஒடுகத்தூரில் மல்லாக்கொட்டை வியாபாரி. மகளைப் பனி பிடிக்கும் மலைக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை; சளி பிடித்தால் இரண்டு மாதம் இருமுகிற பெண் அவள். மலைக்காற்றின் மேன்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். அவர் தலையாட்டினார். பிறகு வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “பேச்செல்லாம் நல்லாத்தான் கீது மாப்ளே. தலைப்பொங்கலுக்குக் கூட்டிக்கினு போவ நானே மேல வருவேன். வூட்டப் பாப்பேன். எம்பொண்ணு நடுங்கிக்கினு கெடந்தான்னா, பொங்கலுக்கு வருவா. அப்பால திரும்பி வரமாட்டா.”

இப்போது தலையாட்டுவது என் முறையாயிற்று.

வீடு, ஊரார் ஆசிரியருக்கென்று ஒதுக்கிக் கொடுத்தது. மண்சுவர், மூங்கில் வரிச்சு, அதன்மேல் புல். கார்த்திகை கழிந்து பனி இறங்கியதும் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. முதலில் கதவு. ஈரக்காற்றில் மரம் ஊதி, சாத்தினால் திறக்கவில்லை, திறந்தால் சாத்த வரவில்லை. ஓர் இழைப்புளியைக் கேட்டு வாங்கி, நாள் முழுவதும் இழைத்தேன். மறுவாரம் நல்ல வெயில் அடித்தது, மரம் சுருங்கிற்று, கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு பூனை அவசரமில்லாமல் நுழைந்து போகும் இடைவெளி உண்டாயிற்று. கோமதி கோணிப்பையை எடுத்து அங்கே தொங்கவிட்டாள். பனியில் அது இரவெல்லாம் நனையும், பகலெல்லாம் நாறும்.

அடுத்தது பம்ப் ஸ்டவ். அதன் தோல் வாஷர் குளிரில் விறைத்துப்போய்க் காற்றைப் பிடிக்க மறுத்தது. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் இளகும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்திருந்தது. எண்ணெயை உருக்க ஸ்டவ் எரிய வேண்டும். ஸ்டவ் எரிய எண்ணெய் உருக வேண்டும். இந்த முரணை நான் வியந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, கோமதி புட்டியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரிசி களையப் போனாள். அரிசி களைந்து முடிவதற்குள் எண்ணெய் உருகியிருந்தது.

சுவரில் விரிசல்கள் விட்டன. மண் குழைத்துப் பூசினால் குளிரில் காயவில்லை, காகிதம் திணித்தேன். என்னிடம் இருந்த காகிதமெல்லாம் சொற்பொழிவுக் குறிப்புகள். அந்த மார்கழியில் என் வரவேற்புரை ஒன்று கிழக்குச் சுவரிலும், நன்றியுரை வடக்குச் சுவரிலும் இருந்தன. நடுவில் எங்கள் இருவருக்கும் பற்கள் அடித்துக்கொண்டன. கோமதிக்கு இருமல் தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்; கூரையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பருவம் தப்பிய மழை ஒன்று காற்றோடு வந்து முகட்டுப் புல்லைக் கலைத்துவிட்டுப் போயிற்று. மிச்சத்தைக் குரங்குகள் பார்த்துக்கொண்டன. படுக்கையில் கிடந்தபடியே வானத்தின் மூன்று துண்டுகளைப் பார்க்கலாம். பொங்கலுக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன. நான் எண்ணத் தொடங்கினேன், நடக்கத் தொடங்கினேன், சன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே, அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவே. வகுப்பில் கணக்குப் போடும்போதும் பதினேழு, பதினாறு என்றே கை எழுதிற்று.

அந்த நாட்களில் ஊரெங்கும் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். புல் முற்றிக் காய்ந்திருக்கும் காலம் அது. ஒரு வீட்டுக்குக் கூரை என்றால், மற்ற வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள் போவார். காலையில் பழைய புல்லைப் பிரித்தெறிவார்கள்; மாலைக்குள் புதிய கூரை நிற்கும். எதிர்ச் சரிவிலிருந்து சிரிப்பும் கேலியும் எங்கள் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்கும். சன்னல் வழியே பார்ப்பேன். இன்று அவர்கள் வீடு, நாளை இவர்கள் வீடு. நாளை மறுநாள் நிச்சயம் நம் வீடு என்று சொல்லிக்கொள்வேன். நாளை மறுநாள் வரும். எவரும் வரமாட்டார். வழியில் கண்டால் கும்பிடுவார்கள். கோமதியின் இருமலைப் பற்றிக் கேட்பார்கள். துளசிகூடப் பறித்துக் கொடுப்பார்கள். கூரையைப் பற்றி மட்டும் ஒரு சொல் கிடையாது. அண்ணாந்து பார்ப்பதைக்கூடத் தவிர்த்தார்கள் என்பதுதான் என்னை வதைத்தது.

கேட்பதற்கு என் மானம் இடம் தரவில்லை. நானே ஏறினேன். முகட்டுக்கு ஒரு முழம் கீழே வரிச்சு முறிந்து, என் வலக்கால் தொடைவரை வீட்டுக்குள் இறங்கிவிட்டது. கீழே கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இன்னாங்க, கூப்டீங்களா?” என்றாள்.

“இல்லை” என்றேன்.

“கால் வந்துச்சேன்னு கேட்டேன்.”

காலை வெளியே இழுத்துவிட அடுத்த வீட்டு வெள்ளையன் ஓடி வந்தான். என் வயதுக்காரன், வாய் ஓயாதவன். என்னை இறக்கி உட்காரவைத்து, சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, திறந்த கூரையைப் பார்க்காமலே கிளம்பினான். எனக்குப் பொறுக்கவில்லை.

“வெள்ளையா, ஊரில் எல்லார் வீட்டுக்கும் போகிறீர்களே. இந்த வீடு கண்ணுக்குத் தெரியவில்லையா?”

அவன் உண்மையாகவே திகைத்தான். “நீங்கதானே வேணாம்னீங்க சாரு.”

“நானா? எப்போது?”

“இஸ்கூலு விழாவுல. ஊரு மொத்தமும் குந்திக்கினு இருந்துச்சே. எம்மாம் நேரம் சொன்னீங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐப்பசியில் நடந்த பள்ளி விழாவில் தன்னுதவி என்னும் தலைப்பில் நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். “பிறர் தோளில் நிற்கும் கூரை கூரையன்று, அடிமைத்தனம். என் வீட்டின் ஒரு புல்லைக்கூட இன்னொரு கை தொடச் சம்மதியேன்” என்று, வலக்கையை உயர்த்தி, மூன்று முறை குரலை ஏற்றிச் சொன்னேன். எவரும் கைதட்டவில்லை. மெல்ல எழுந்து போனார்கள். சபை சொக்கிப்போயிற்று என்று அன்று கோமதியிடம் பெருமையடித்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. மேடையில் பேசுவது வேறு, வீட்டில் இருப்பது வேறு என்பது சமவெளியில் எல்லார்க்கும் தெரியும். பேசுகிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். மலையில் அந்த ஏற்பாடு இல்லை. ஊர் கூடிய இடத்தில் ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் சொன்னதுதான். ஆசிரியருக்கு நாங்கள் தொடுவது பிடிக்கவில்லை, அவர் மனம் நோகக் கூடாது என்று, ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு என் கூரையைப் பாராமல் இருந்திருக்கிறது.

“நீங்க நனையறதப் பாத்து எம்பொண்டாட்டி அழுவுறா சாரு. ஆனா இன்னா பண்றது, சபையில சொல்ட்டீங்க” என்றான் வெள்ளையன்.

சபையில் சொன்னதைச் சபையில்தான் எடுக்க முடியும். அன்று முழுவதும் உரை தயாரித்தேன். முன்னுரை, மூன்று பிரிவுகள், முடிவுரை. முன்பு சொன்னதற்கு முரண்படாமலே அதற்கு நேர்மாறானதை நிறுவும் அமைப்பு. இன்றும் எனக்கு அதில் பெருமை உண்டு. மறுநாள் காலை, ஆண்கள் வெயில் காயக் கூடும் பாறைக்குப் போனேன். ஊர்க்கவுண்டர் நடுவில் போர்வைக்குள் இருந்தார். நான் அவர்முன் நின்று, தொண்டையைச் செருமி, “அவையீர்” என்று தொடங்கினேன்.

“குந்துங்க சாரு” என்றார் அவர். “நின்னுக்கினு இருந்தா வெயில மறைக்குது.”

உட்கார்ந்தேன். நண்பரே, உட்கார்ந்து நான் பேசிப் பழகியதில்லை. மூச்சு வயிற்றில் மடிந்துவிட்டது. கையை உயர்த்தினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில் படும். முன்னுரை போயிற்று, மூன்று பிரிவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

“கூரை ஒழுகுது” என்றேன். “வந்து போட்டுக் குடுங்க.”

“அன்னைக்கு வேணாம்னீங்க.”

“சொன்னேன்.”

“இப்ப?”

“வேணும்.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா” என்று கவுண்டர் போர்வையை இழுத்துக்கொண்டார். வெள்ளையன் பக்கத்திலிருந்தவனிடம், “வேணாம்னு சொல்ல நாப்பது நிமிசம், வேணும்னு சொல்ல ஒரே மூச்சு” என்றான். பாறை முழுதும் சிரித்தது. “நாளான்னைக்கு ஆளுங்க வரும். உங்க வூட்டு ஆளும் மத்த வூட்டுக்கு வரணும்” என்றார் கவுண்டர். நானே வருவேன் என்று வாக்களித்தேன். மூச்சுக்கு மூச்சு வாக்களிக்கும் பழக்கம் அவ்வளவு எளிதில் போய்விடுவதில்லை.

அந்த நாள் வந்தது. விடிந்ததும் பழைய புல்லைப் பிரித்துக் கீழே தள்ளினார்கள். பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. அம்மிக்கல்லின்மேல் வெயில் அடித்தது. நான் கட்டிய முடிச்சுகள் நிற்கவில்லை. இரண்டு முறை அவிழ்ந்த பிறகு வெள்ளையன், “சாரு, நீங்க கீழ நின்னு பேசிக்கினு இருங்க, எங்களுக்கும் பொழுது போவும்” என்றான். என் இடத்தைக் கோமதி எடுத்துக்கொண்டாள். மூக்கைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, புல்லைப் பிடி பிடியாகத் தட்டி, நுனி சேர்த்து, மேலே வீசினாள். மேலிருந்தவர்கள் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறினார்கள்.

அந்நேரம் பார்த்து என் மாமனார் வந்து நின்றார். இன்னும் ஒன்பது நாள் கழித்து வரவேண்டியவர். சந்தைக்கு வந்தவர்கள் மகளின் இருமலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். கால்நடையாகவே ஏறி வந்துவிட்டார். கூரையில்லாத வீட்டை ஒருமுறை பார்த்தார். அந்தக் குளிரில் எனக்கு வேர்த்தது அன்று ஒருநாள்தான்.

“மாமா, இதை நாம் மூன்று கோணங்களில்...” என்று தொடங்கினேன்.

அவர் என்னைத் தாண்டிப் போனார். “இன்னாம்மா, வூட்டுக்கு மேல ஒண்ணையும் காணோம்.”

“சாயந்தரத்துக்குள்ள வந்துடும்பா. அப்டி தள்ளி நில்லு, கட்டு வருது.”

தள்ளி நின்றார். பொழுது சாயும்வரை அங்கிருந்து அசையவில்லை. முகடு மூடி, ஆட்கள் கைகால் கழுவிப் போன பிறகு, புதுப்புல் வாசனையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம்.

“மூட்ட கட்டு. எங்கூடவே வந்துடு” என்றார் அவளிடம். “பொங்கல் முடிஞ்சதும் ஒடம்பு தேறுற வரைக்கும் அங்கயே இரு. அப்பால பாத்துக்கலாம்.”

அப்பால என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும்.

“போகிக்கு வர்றேன்பா” என்றாள் கோமதி. “மாட்டுப்பொங்கலுக்கு மறுநாளே ஏறிடணும். வெள்ளையண்ணன் வூட்டுக்குக் கூரை.”

“மாப்ள போவட்டுமே.”

“அவரு போட்ட முடிச்சு நிக்காதுப்பா.”

அவர் சிரித்தாரா என்பது எனக்கு நினைவில்லை. தோளிலிருந்த சால்வையை எடுத்து என்னிடம் நீட்டி, “அவளுக்குப் போத்துங்க” என்றார். மறுநாள் தனியாகவே இறங்கிப் போனார்.

அதன்பின் மூன்று மார்கழி அந்த மலையில் இருந்தோம். ஊரில் எந்த வீட்டுக்குக் கூரை என்றாலும் கோமதியின் பெயரைச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். அவளுக்கு இருமல் வந்தது, போயிற்று. இறங்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொன்னவன் நான். மேடையில்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாறுதல் கேட்டு நான் எழுதிய விண்ணப்பம் என் எழுத்துக்களிலேயே சிறந்தது. ஒரே மாதத்தில் ஆணை வந்துவிட்டது. அவளைத் தக்கவைக்க அவ்வளவு அலைந்தவன், அவளையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன். ஊராருக்கு விளக்கம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றபோது, “யாருக்கும் ஒண்ணும் வெளக்காதீங்க, கும்பிட்டுட்டு வாங்க” என்றாள் கோமதி.

வேலூருக்கு வந்த முதல் மார்கழியில் மாமனாரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது: வெள்ளையன் சந்தையில் பார்த்தான், செவ்வாய்க்கிழமை கூரையாம், கோமதியை வரச் சொன்னான். அன்று எனக்கு ஒரு விழாவில் தலைமையுரை. அடுத்த ஆண்டும் அட்டை வந்தது. கைக்குழந்தையோடு பனியில் எப்படி என்று நான் எடுத்துரைத்தேன், அவள் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு அட்டை வரவில்லை. தபால்காரரை நான் வாசலிலேயே நின்று இரண்டு முறை கேட்டேன்.

பொங்கலுக்கு வந்த மாமனாரிடம் விசாரித்தேன். வெள்ளையனைப் பார்த்தாராம்; அவரே கேட்டாராம். “அவங்கதான் வர்றதில்லியே, அதான் வுட்டுட்டோம்ங்க. வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல” என்றானாம்.

வருத்தம் இருந்திருந்தால் நேரில் ஏறிப்போய், அவன் எதிரில் உட்கார்ந்தாவது பேசி மாற்றியிருப்பேன். அவனிடம்தான் வருத்தமே இல்லையே.