கழற்றினால் நிற்காத காற்றாடி

மின்விசிறியை நிறுத்த சுவிட்சை அணைக்கிறோம், நின்றுவிடுகிறது. பிறந்ததிலிருந்து இப்படியே பழகிய ஒருவன் மொட்டைமாடியில் காற்றாடி வைத்து மின்சாரம் எடுக்கக் கிளம்பக் கூடாது. நான் கிளம்பினேன்.

அப்போது செங்கம் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கரண்ட் போனால் கடையில் நானும் ஈயும்தான். காயலான் கடையில் ஒரு பழைய மோட்டார் கிடைத்தது. உள்ளே காந்தம் வைத்தது. கரண்ட் கொடுத்தால் சுற்றும், நாம் சுற்றினால் கரண்ட் கொடுக்கும். பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து மூன்று இறக்கை வெட்டிப் பூட்டி, மாடிப்படி அறையின் சுவரில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி அதன் உச்சியில் ஏற்றினேன். இரண்டு ஒயர் கீழே பேட்டரிக்கு வந்தது. வீட்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அதற்கு முன்பே மோட்டாரை வைத்து ஊருக்கெல்லாம் வித்தை காட்டியாயிற்று. வருகிறவர்களை மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றச் சொல்வேன், லேசாகச் சுற்றும். இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றச் சொல்வேன். சேற்றில் மாட்டிய சக்கரம் போல இறுகிவிடும். இதைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் ஊரில் மொட்டைமாடி யாருக்கும் சொந்தமில்லை. அந்த வருஷமும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், அவர்களுடைய சொந்தக்காரர்கள் என்று மாடி நிரம்பிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா வந்திருந்தாள். முட்டி வலி. இரண்டு பேர் தாங்கித்தான் மேலே ஏற்றினோம். பக்கத்தில் புதிதாக எழும்பிய லாட்ஜ் மலையை மறைத்துவிட்டதால், உட்கார்ந்தபடி உச்சி தெரிகிற இடம் ஒன்றுதான் மிச்சம். காற்றாடிக்கு நேர் கீழே. அங்கேதான் அவள் சேர்.

காலையில் ஒரு இறக்கையின் அடியில் மயிரிழை விரிசலைப் பார்த்திருந்தேன். டேப் சுற்றிவிட்டு, தீபம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் சாரலோடு காற்று எழுந்தது. மேலே டக், டக் என்று ஒரு சத்தம்.

"அக்கா, சேரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் போட்டுக்கலாமா?"

"அந்தப் பக்கம் லாட்ஜு செவுருதான் தெரியும். காலைலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படாம வந்திருக்கேன், லாட்ஜ கும்புட்டுட்டுப் போகவா?"

"சாரல் அடிக்குதுக்கா."

"நான் இன்னா சக்கரையாடா, கரஞ்சி போறதுக்கு?"

'இறக்கை உடையப் போகிறது, ஓடுங்கள்' என்று கத்தியிருக்கலாம். எங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி கிடையாது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் இறங்கினால் இறக்கை செய்ய வேண்டியதைப் படியே செய்துவிடும். ஆகவே, படிவாசலில் இருந்த பேட்டரியிடம் ஓடி, புத்திசாலித்தனமாக இரண்டு ஒயரையும் பிடுங்கினேன்.

காற்றாடி அலறியது. அதுவரை பேட்டரி என்கிற சுமையை இழுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறது. நான் சுமையை இறக்கி, போய் வா என்று அனுப்பிவைத்திருக்கிறேன். குழாய் நடுங்கியது.

"யாரோ மந்திரி ஹெலிகாப்டர்ல வர்றாரு போலக்கீது," என்று பக்கத்து வீட்டுக்காரர் வானத்தில் தேடினார்.

கைக்கொரு ஒயரோடு நின்ற என்னை மனைவி பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள்.

"வர்றவன் போறவனுக்கெல்லாம் ரெண்டு ஒயரையும் சேத்து சேத்துக் காட்டுவீங்களே. இன்னைக்கு காபி குடிக்க ஆள் வந்தாதான் காட்டுவீங்களா?"

சேர்த்தேன். பொறி பறந்தது. அலறல் முனகலாக இறங்கி, இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. முழுதாக நிற்கவில்லை, கிழவன் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. ஒயர்களை முறுக்கிவிட்டு வந்திருக்கலாம். முறுக்கவும் செய்தேன். ஆனால் அந்த முறுக்கை நம்பவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த நேரத்தில்தான் மலையில் தீபம் தெரிந்தது. மாடி முழுக்க "அரோகரா". எல்லாக் கையும் தலைக்கு மேலே. என் கை மட்டும் நெஞ்சோடு ஒட்டியபடி.

"டேய், மல இந்தப் பக்கம் இருக்குது," என்றாள் அக்கா. "செவுத்தப் பாத்து இன்னாடா கும்புடுற? கையத் தூக்கு."

தூக்கவில்லை. ஒயர் சுட ஆரம்பித்திருந்தது. கூட்டம் இறங்கி, கடைசியாக அவளையும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, அவள் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயரைச் சொல்லிக் கீழே சேரும்வரை அப்படியே நின்றேன். தம்பி கை கொடுக்கவில்லை என்பது அவளுக்குத் தனி வருத்தம்.

காலையில் காற்று அடங்கியதும் குழாயில் ஏறிக் கழற்றி, டேப்பைப் பிரித்தேன். விரிசல் இறக்கையின் அகலத்தைக் கிட்டத்தட்டக் கடந்திருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தது சுண்டுவிரல் நகம் அளவு. கீழே அக்கா என் மனைவியிடம், "அவனுக்கு பக்தி கம்மியாயிடுச்சி, நீயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறக்கையை எடுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகிவிட்டு, கொப்புளித்த உள்ளங்கையை மூடிக்கொண்டு காபி குடிக்கப் போனேன்.

இப்போதும் தீபத்துக்கு வருகிறாள். அதே இடத்தில்தான் சேர் போடுகிறேன், வேறு இடமில்லை. மேலே வெறும் குழாய்தான், துணிக்கொடி கட்டியிருக்கிறது. இருந்தாலும் என் கண் மலைக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை அங்கே போய்வருகிறது. அதை அவள் ஒவ்வொரு வருஷமும் பார்த்துவிடுகிறாள்.

"இந்த வருஷமாவது மலையப் பாருடா."