அம்மா பிடித்த ரோபோவின் கை

விருத்தாசலத்தில் நானும் அம்மாவும் வேலை பார்த்த பீங்கான் கம்பெனிக்கு, கிண்ணங்களுக்குப் பளபளப்பு தரும் கிளேஸைத் தெளிக்க ரோபோ வந்தது. அதன் கையைப் பிடித்து ஒருமுறை தெளித்துக் காட்டினால், அதைப் பதிவு செய்துகொண்டு அதேபோல் செய்யும். டிப்ளமோ படித்த நான் காட்டியபோது கிளேஸ் வழிந்தது. பள்ளிக்கூடமே போகாத அம்மா காட்டியதும் சீராக விழுந்தது.

“தம்பி, அம்மாகிட்ட டியூஷன் போங்க!” என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

அம்மாவோ ரோபோவிடம், “அப்படித்தான் கண்ணு, மெதுவா” என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்தே தெரியாத அவள், என் கையைப் பிடித்து ஒரு ‘அ’கூட எழுதவைத்ததில்லை. அவள் சாப்பிடப் போனதும் அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

அம்மா திரும்பி வந்து பார்த்தபோது ரோபோ அசையவில்லை. “மறந்துட்டியா? பரவால்ல, வா” என்று மறுபடி அதன் கையைப் பிடித்தாள்.

நான்தான் அழித்தேன் என்று சொல்லியிருந்தால், என்னையும் திட்டியிருக்கமாட்டாள். அது தெரிந்தும் இன்றுவரை சொல்லவில்லை.