தேவாரத்துச் சுமோக்காரி

சுமோ மல்யுத்தத்தில் எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும், இல்லையென்றால் பாதம் தவிர வேறெதையாவது தரையில் பட வைக்க வேண்டும். இரண்டே விதி. ஆனால் அந்த வட்டத்துக்குள் போய் நிற்பதற்குள் படுகிற பாடு, என்னை மாதிரி கொஞ்சம் பூசின உடம்போடு பிறந்துவிட்டவர்களுக்கெல்லாம் சொல்லாமலே புரியும்.

எதுல ஓடுது?

உத்தமபாளையம் கல்லூரியில் குண்டு எறிந்துகொண்டிருந்த என்னை, எங்கள் கோச் ஜப்பான்காரர்களின் இந்த ஆட்டத்துக்கு இழுத்துவிட்டார். மாநிலப் போட்டியில் ஜெயித்துத் தேவாரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. ஏலத்தோட்டத்துக்கு வண்டி பிடித்து ஆள் அனுப்பும் முருகேசண்ணன் எதிரே வந்தார். "இப்ப எதுலத்தா பொழப்பு ஓடுது?" என்றார். "சுமோலண்ணே!" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு தாயி. காலையில எட்டாளு மலைக்குப் போகணும். டீசல் நீயே போட்டுக்கிருவியா?"

எதிராளி

பயிற்சிக்கு என் எடையில் பெண் கிடைக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் வாசல் தூணைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஓடு உதிர ஆரம்பித்ததும் அம்மா, தேனி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பெரியம்மா மகன் செல்வத்தண்ணனை வரச்சொன்னாள். களத்தில் கயிற்றை வட்டமாகப் போட்டோம். "பொம்பளப் பிள்ள, மெதுவாத் தள்றேன்" என்று சிரித்தார். குனிந்து கக்கத்துக்கடியில் கை கொடுத்து ஒரே தள்ளு தள்ளினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைக்கோலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏத்தா, மார்க்கெட்டுல மட்டும் சொல்லிப்புடாத. ஒருத்தனும் என்னைய மூட்டைக்குக் கூப்பிட மாட்டான்."

கரண்டி

தேசியப் போட்டி நெருங்கும்போது முழங்கால் வீங்கியது. "எடையைக் குறைக்காவிட்டால் கால் போய்விடும்" என்றார் தேனி டாக்டர். திரும்பும் பஸ்ஸிலேயே கோச்சின் போன்: "எடையைக் கூட்டாவிட்டால் முதல் தள்ளிலேயே நீ வெளியே." சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இரண்டையும் சொன்னேன். அம்மாவின் கோழிக்குழம்புக் கரண்டி பாதியில் நின்றது.

"ரெண்டு பேருல ஆரு பெரியாளுன்னு சொல்லு. ஊத்தவா, வேணாமா?"

நேரலை

முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு நாள் ரயிலில் இருப்புக்கொள்ளாமல் சீட்டுக்கும் கதவுக்குமாக நடந்தே போட்டி நடக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் சுற்றுகளில் ஜெயித்தேன். அரையிறுதியில் ஹரியானாப் பெண். அவளையும் இறுதியில் ஒருத்தியையும் தள்ளிவிட்டால் ஜப்பானுக்கே ஆடப் போகலாம்.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனை வட்டத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டுப் போனேன். மோதினோம். முழங்கால் உள்ளே மடங்கியது. கை தரையில் பட்டது. அவ்வளவுதான், ஒரு தும்மலுக்கு ஆகிற நேரம். குனிந்து வணங்கிவிட்டு வந்து போனை எடுத்தேன். திரையில் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டார், செல்வத்தண்ணன், எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தார்கள். அம்மாதான் பேசினாள்.

"நெட்டு இப்பத்தான் வந்துச்சுத்தா. எல்லாரும் உக்காந்துட்டோம். எப்ப ஆரம்பிப்பாக?"

அரையிறுதி வரை வந்ததற்கு அன்றைக்குக் கிடைத்த மூன்றாமிடப் பதக்கம் இப்போது சுவரில் ஆடாமல் அசையாமல் தொங்குகிறது. அடுத்த போட்டி எப்போது என்று பரபரத்துக்கொண்டிருக்கும் எங்கள் வீட்டில் அப்படி இருப்பது அது ஒன்றுதான்.