இழுத்துக் காயவைத்த துணி

காலை ஆறு பத்து. ஓசூரில் என் தங்கை விஜியின் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பக்கெட்டு கருநீலத் தண்ணீர். உள்ளே ஏதோ தடித்த துணி, மேலே அது மிதக்காமலிருக்க ஒரு கல். தூக்கக் கலக்கத்தில் பக்கெட்டைச் சாய்க்கப் போனேன். பின்னாலிருந்து விஜியின் மகள் ஓடிவந்தாள்.

"மாமா, கொட்டாதீங்க! ஜீன்ஸ் ஊறுது."

ரா டெனிமாம். ஆலையில் ஒரு தடவைகூட அலசாமல், நெய்து இறக்கியபடியே தைத்த துணி. வீட்டில் முதல்முறை நனைக்கும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடுப்பு இவ்வளவு குறையும், கால் நீளம் அதைவிட அதிகமாகக் குறையும் என்று கைப்பேசியில் ஓர் அட்டவணையைக் காட்டினாள். அதன்படி தன் அளவுக்கு மேல் ஒரு அளவு எடுத்திருக்கிறாள்.

"காயவைக்கும்போது..." என்று ஆரம்பித்தேன்.

சமையலறையிலிருந்து விஜியின் குரல் வந்தது. "அண்ணா, நீ யோசனை சொல்லாத. நம்ம வீட்டு யோசனை எனக்குத் தெரியும்."

 பக்கெட்டிலிருந்து வந்த வாசனை மட்டும் மூக்கைவிட்டுப் போகவில்லை. ஈரச் சாயத்துக்கு ஒரு வாசனை உண்டு, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மழைத் தண்ணீர். ஆரணியில் எங்கள் தெருச் சாக்கடைக்கு அந்த வாசனைதான். மேல்பக்கத்தில் இருந்த சாயப்பட்டறையில் என்ன நிறம் தோய்க்கிறார்கள் என்பதைக் கீழ்ப்பக்கத்தில் நாங்கள் சாக்கடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் மாம்பழ மஞ்சள். பந்து சாக்கடையில் விழுந்தால் எடுத்தவன் கை அன்று முழுக்க அந்த நிறம். கருநீலம் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஓடிய அந்த ஒரு நாளைத் தவிர.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விஜி டிப்ளமோ மெக்கானிகல் முடித்திருந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. லேத் மிஷின்கள் ஓடும் கூடத்தில் வேலை. தொங்குகிற துணி எதுவும் கூடாது, தடித்த பேண்ட்தான் போட வேண்டும் என்று நேர்முகத் தேர்விலேயே சொல்லிவிட்டார்கள்.

அப்பா சொந்தத் தறியில் கூலிக்குப் பட்டு நெய்தவர். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அவர் செய்தது ஒன்றுதான்: விஜியோடு பேசுவதை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம், "உன் பொண்ண கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லு" என்பார். ரசச் சொம்போடு பக்கத்தில் நிற்பது விஜி.

விஜியும் அதே ரகம். "அப்பா வாயால போன்னு சொல்லணும். சொல்லாம நான் பஸ் ஏற மாட்டேன்" என்றாள். வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அம்மா இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தாள். நான் அப்போது வேலூரில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைதோறும் கண்ணமங்கலம் வழியாகப் பஸ் பிடித்து வந்து, யார் யாரோடு பேசவில்லை என்ற நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு போவேன்.

பேண்ட் வாங்குவது என் பொறுப்பு என்று முடிவானது. வீட்டிலேயே ஜீன்ஸ் போட்டவன் நான் ஒருவன்தான் என்பது காரணம். அந்த அனுபவத்தின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது, போடப் போட இளகும் என்று யாரோ சொன்னதை நம்பி ஓர் அளவு சின்னதாக வாங்கினேன். அது இளகவில்லை. அதைப் போட்ட நாளெல்லாம் வேலூர் பஸ்ஸில் காலியான சீட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனேன். வயசான அம்மாள் ஒருவர், "உக்காரு தம்பி, எடம் இருக்குதே" என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்றைக்குக் கடைகளில் பெண்களுக்கு ஜீன்ஸ் கிடையாது, வேலூரிலும்தான். ஆனால் தைக்காத ஜீன்ஸ் பாக்கெட்டில் வந்துகொண்டிருந்தது. இப்போது இளைஞர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு பேண்ட்டுக்கான டெனிம் துணி, ஜிப், செம்புப் பட்டன், பை மூலையில் அடிக்கும் ஆணிகள், பின்னால் வைத்துத் தைக்க ஒரு தோல் சீட்டு. எல்லாம் ஒரே பாக்கெட்டில் இருக்கும். நம் தையல்காரரிடம் கொடுத்து நம் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரப் பையன் இரண்டு ரகம் எடுத்துப் போட்டான். "இது மெல்லிசு, அலசி வந்தது. இது ராவு சார், கட்டி. தண்ணி பட்டா சுருங்கும். ஆனா கிழியாது."

மிஷின் பக்கம் நிற்கப்போகிறவளுக்கு எது என்று யோசிக்க வேண்டியதில்லை. கட்டியானதை எடுத்தேன். தொழில் புத்தியில் பாக்கெட்டின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்துகளையும் படித்தேன். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. நனைத்துச் சுருங்கவைத்த பிறகே வெட்டவும் என்றும் இருந்தது.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "கோடித் துணிய நனைச்சிட்டா தெப்பாங்க? எவன் சொன்னான்?"

"பாக்கெட்லயே போட்டிருக்குதும்மா."

"அவன் வீட்ல நல்லது கெட்டது கெடையாதா?"

கடைசியில் துணியின் ஒரு மூலையில் மஞ்சள் தடவிக்கொடுத்தாள். நீலத்தில் மஞ்சள் பட்ட இடம் பச்சையானது. தொட்டியில் முக்கியதும் தண்ணீர் கறுத்தது. "இன்னா சாயம் இது, நிக்கவே மாட்டேங்குது" என்று பட்டுக்காரி என்ற முறையில் அதற்கும் ஒரு குறை சொன்னாள். நன்றாக ஊறிய பிறகு விஜி எடுத்து, பிழிந்து, பின்பக்கக் கொடியில் சுருக்கம் சுருக்கமாகத் தொங்கவிட்டாள்.

அப்பா தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்தால் வலது பக்க ஜன்னல் வழியாக அந்தக் கொடி தெரியும். தறிச் சத்தம் நின்றது.  பிறகு அப்பா வெளியே வந்தார்.

"யாரு இத இப்பிடிப் போட்டது?"

"நாந்தாம்பா" என்றாள் விஜி.

அப்பா அவளைப் பார்க்காமல் துணியைக் கொடியிலிருந்து இறக்கினார். கட்டைவிரலால் தேய்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "மூணு எழை தாண்டி ஒண்ணு குத்தறான், வரி வலது பக்கமா சாஞ்சு ஏறுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "துணி காயவெக்கிற லட்சணமா இது? கோணிக்கினு நிக்கும். கயித்த எடுத்துகினு வா" என்றார்.

எங்கள் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கல் நட்டிருக்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன், தறிக்குப் போக வேண்டிய நீள நூலை, அதாவது பாவை, அந்தக் கற்களுக்கு நடுவே நீட்டி விறைப்பாகக் கட்டி, பிரிந்த இழைகளைச் சரிசெய்வார்கள். அன்று யாருடைய பாவும் இல்லை. அப்பா டெனிமின் இரண்டு முனைகளையும் மூங்கில் குச்சிகளில் சுற்றிக் கட்டினார். ஒரு முனையைக் கல்லில் மாட்டினார். அகலம் குறையாமலிருக்கத் தறியில் குறுக்கே மாட்டும் குச்சியையும் கொண்டுவந்து குத்தினார். மறுமுனைக் கயிற்றை இழுக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் பீடியைப் போட்டுவிட்டு வந்தார்.

"இன்னா மாமா, பட்ட உட்டுட்டு பேண்ட்டுக்குப் போயிட்டீங்களா?"

"கயித்தப் புடிடா மொதல்ல."

"உங்களுக்கா? இத மாட்டிகினு குழில எறங்கினீங்கன்னா, அப்புறம் நாங்க நாலு பேர் வந்துதான் தூக்கணும்."

தெருவில் நின்ற நான்கைந்து பேர் சிரித்தார்கள். அப்பா முடிச்சைப் போட்டுக்கொண்டே நிமிராமல் சொன்னார்:

"பாப்பாவுக்கு. ஓசூர் கம்பெனிக்குப் போவுது இல்ல, அங்க இதான் போடணுமாம்."

சிரிப்பு நின்றது. வீட்டில் என்ன நடக்கிறது என்பது தெருவுக்கும் தெரியும்.

"அனுப்பறீங்களா அப்போ?" என்றார் ஏகாம்பரம்.

"துணிய நனைச்சாச்சு. இன்னும் இன்னா கேள்வி? இழு."

விஜி வாசலில் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் டீ வந்தது. அதில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருந்தது.

துணி தம்புரா நரம்புபோல விறைத்துக்கொண்டு நின்றது. அப்பா இரண்டு தடவை வெளியே வந்து கயிற்றை இன்னும் முறுக்கிவிட்டுப் போனார். பத்து மணி வெயிலில் அது பலகையாகக் காய்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. தெருவே மெச்சியது. நானும் மெச்சினேன்.

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுருங்குவதற்காகத்தான் துணியை நனைத்தோம். அப்பா அதைச் சுருங்கவிடாமல் காயவைத்தார். அவரைச் சொல்லி என்ன? அவர் தொழிலில் சுருங்கிய துணி என்பது கெட்டுப்போன துணி. முழத்துக்குக் குறைந்த புடவையை முதலாளி திருப்பிக் கொடுத்துவிடுவார். ஈரத் துணியைப் பார்த்ததும் இழுத்துக் கட்டத்தான் அவர் கைக்குத் தெரியும். அந்தத் தெருவில் நின்ற யார் கைக்கும் அதுதான் தெரியும். பொடி எழுத்தைப் படித்த ஒரே ஆள் நான். நான் கையில் டீயோடு நின்றிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கரீம் பாயின் தையல் கடை. பாயின் மனைவி திரைக்குப் பின்னால் விஜிக்கு அளவெடுத்துக் கத்திச் சொல்ல, பாய் வெளியே சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டார்.

"ஜீன்ஸுத் துணிய நம்ப முடியாதுண்ணா. காலுக்கு ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு உடட்டுமா? இடுப்புலயும் கொஞ்சம்?"

"வேணாம் பாய். நானே இழுத்துக் காயவெச்சது. இனிமே ஒரு நூல் கொறையாது" என்றார் அப்பா.

 ஆரணியில் நெய்கிறவரிடம் போய்த் துணியைப் பற்றி யார் வாதம் செய்வார்கள்? பாய் அளவுக்கு வெட்டினார். ஊசி இரண்டு உடைந்தது. ஆணி அடிக்கும் கருவி அவரிடம் இல்லை. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் அடித்துக்கொடுத்தார்.

கிளம்பும் நாளில் அப்பாவும் பஸ் ஸ்டாண்டு வந்தார். விஜிக்கு முழங்கால்வரை தொங்கும் சட்டை, அதற்குக் கீழே ஜீன்ஸ். "உக்காரு பாப்பா. முட்டில இழுக்குதா பாரு. எழுந்திரு" என்று பெஞ்சில் உட்காரவைத்து எழுப்பினார். சரியாக இருந்தது. பஸ் நகரும்போது, "போய்ட்டு வா" என்றார்.

அடுத்த வாரம் வேலூர் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"அண்ணா, தொவைச்சேன்."

"சரி."

"கணுக்காலுக்கு மேல நிக்குது. பட்டன் போட்டா மூச்சு உட முடியல. நேத்து நாள் பூரா நின்னுகினே இருந்தேன்."

அந்தப் பாடு எனக்குத் தெரியும்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. தான் காயவெச்ச துணின்னு ஊர் பூரா சொல்லிகினு இருக்காரு."

அதே கடைக்குப் போனேன். அந்தத் துணி தீர்ந்துவிட்டிருந்தது. "இதுவும் ராவுதான், வேற மில்லு. கலர் அதே கலர்" என்றான் பையன். என் அறையில் பக்கெட்டில் முக்கி, கட்டிலின் மேல் அதன் இஷ்டத்துக்குப் போட்டுக் காயவைத்து, மறுபடி முக்கினேன். அறைத்தோழனின் வேட்டி நீலமானது. இது எப்படிச் சுருங்கியது என்றால், ஒரு சாண் துணியை யாரோ கடித்துத் தின்றுவிட்டதுபோல் இருந்தது.

கரீம் பாய் பாக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சுருங்கிடுச்சா?"

"பாய், அப்பாவுக்கு..."

"எனக்கு இன்னா தெரியும்? நான் தெச்சது ஒரே ஒரு பேண்ட்டு."

அதை ஓசூர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பொங்கலுக்கு விஜி அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அப்பா தறியை விட்டு எழுந்தார். "கிட்ட வா" என்றார். குனிந்து காலடி மடிப்பை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

அம்மா குறுக்கே புகுந்தாள். "நான் மஞ்சள் வெச்ச எடம் எங்கடி?"

"தொவைச்சதுல போயிடுச்சும்மா."

அப்பா நிமிர்ந்தார். "பாத்தியா, ஒரு நூல் கொறையல" என்றார்.

"இல்லப்பா" என்றாள் விஜி.

அதற்குப் பிறகு பல வருஷம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். முள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டால், "துணிய எங்கிட்ட கொண்டாரச் சொல்லு, காயவெச்சுத் தரேன்" என்பார். யாரும் கொண்டுவரவில்லை. இரண்டாயிரம் தாண்டியதும் பெண்களுக்கான ஜீன்ஸ் ஆரணிக் கடைகளிலேயே தொங்க ஆரம்பித்தது. அலசித் தைத்து, இழுத்தால் நீளும் நூல் கலந்தது. அளவு கொஞ்சம் தவறினாலும் துணியே விட்டுக்கொடுக்கும். தைக்காத ஜீன்ஸ் பாக்கெட் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. கரீம் பாய் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். தெருவுக்கு சிமெண்ட் போட்டபோது கற்களைப் பிடுங்கிவிட்டார்கள். சாக்கடையை மூடிவிட்டார்கள். அதில் என்ன நிறம் ஓடுகிறது என்று தெரியாது. அப்பாவும் போய்விட்டார்.

விஜி ஓசூரில் இந்த வீட்டுக்கு மாறியபோது சாமான் கட்ட நானும் வந்திருந்தேன். இரண்டு பேண்ட்டையும் தரை துடைக்கக் கிழித்துப் போட்டாள். அன்றுதான் இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் துணியில் நெசவின் வரிகள் வலப்பக்கம் சாய்ந்து ஏறின. இரண்டாவதில், பொங்கலன்று அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த அந்த மடிப்பில், இடப்பக்கம்.